ஆப்பிள் இறக்குமதியில் பூச்சி அபாய மதிப்பீடு: எதைப் பட்டியலில் வைப்பது, வாய்ப்பை எப்படிக் கணிப்பது?

கேள்வி (பூச்சியியல் முதுநிலை மாணவி)

அனைவருக்கும் வணக்கம். நியூசிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் ஆப்பிள் பழத்துக்கான பூச்சி அபாய மதிப்பீடு ஒன்றை வகுப்புப் பயிற்சியாக எழுதி வருகிறேன். பூச்சி அபாயத்தை ஆராயும் முறையைச் சொல்லும், பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 11-ஆம் தரத்தைப் படித்துவிட்டு, ஆப்பிளைத் தாக்கும் பூச்சி, சிலந்திப்பேன், பூஞ்சாணம், பாக்டீரியா அனைத்தையும் தொகுத்ததில் பட்டியல் பல பக்கங்களுக்கு நீண்டுவிட்டது. இரண்டு ஐயங்கள் உள்ளன. ஆப்பிள் பழத்தைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சி லடாக்கில் ஏற்கெனவே இருக்கிறது; அப்படியிருக்க அதைக் குவாரண்டைன் பூச்சியாக, அதாவது உள்ளே வராமல் தடுக்க வேண்டிய பூச்சியாகக் கொள்ளலாமா? அடுத்து, பூச்சி உள்ளே வந்து நிலைபெறும் ஒவ்வொரு படிக்கும் ஒரு வாய்ப்பு எண் கொடுத்துப் பெருக்க வேண்டும் என்கிறார்கள். தரவு கிடைக்காத படிகளில் ‘மிகமிகக் குறைவு’ என்று கருதிச் சிறிய எண் ஒன்றை இட்டுப் பெருக்கினால், அந்த மதிப்பீடு ஏற்கப்படுமா?

பதில் 1 (தாவரக் குவாரண்டைன் பணியில் ஓய்வு பெற்றவர்)

வணக்கம் அம்மா. முதல் ஐயத்துக்கு வரையறையிலேயே விடை இருக்கிறது. நாட்டில் இல்லாத பூச்சி மட்டுமல்ல, இருந்தும் பரவலாக இல்லாமல், அரசின் முறையான கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டிருக்கும் பூச்சியும் குவாரண்டைன் பூச்சியே. காட்லிங் அந்துப்பூச்சி நம் உள்நாட்டுக் குவாரண்டைன் பட்டியலில் இருப்பதால் அதைத் தாராளமாகச் சேர்க்கலாம். அந்தக் கட்டுப்பாடு ஏட்டளவில் நின்றுவிடாமல் களத்தில் நடைமுறையில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஏற்றுமதி செய்யும் நாடு முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

பட்டியலைக் குறைக்க ஒரு கேள்வி போதும்: அறுவடை செய்து, கழுவி, தரம் பிரித்துப் பெட்டியில் அடைத்த பழத்தோடு இது வருமா? வேரையும் பட்டையையும் இலையையும் மட்டும் தாக்குபவை பெரும்பாலும் இங்கேயே கழிந்துவிடும். காட்லிங் புழு பழத்தைத் துளைத்து விதையறை வரை செல்வது; அது கட்டாயம் நிற்கும்.

அடுத்து, பழம் எங்கே போகிறது, எந்த மாதத்தில் போகிறது என்று பாருங்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிக் கோயம்பேட்டில் விற்கும் பழத்திலிருந்து புழு தப்பினாலும், சுற்றுவட்டாரத்தில் ஆப்பிள் மரமோ வால்நட் மரமோ கிடையாது. ஆனால் மதிப்பீடு நாடு முழுமைக்கும் ஆனது. அதே பழம் காஷ்மீருக்கும் இமாசலத்துக்கும் அருகிலுள்ள சந்தைகளுக்கும் செல்லும். நியூசிலாந்தில் பிப்ரவரி முதல் மே வரை அறுவடையாகும் பழம், நம் வடக்குத் தோட்டங்கள் தழைத்துக் காய்த்திருக்கும் மாதங்களில் இங்கு வந்து சேர்கிறது. வட அமெரிக்கப் பழமோ பெரும்பாலும் குளிர்காலத்தை ஒட்டி வருகிறது. ஒரே பூச்சியாக இருந்தாலும் இந்த இரண்டு வழிகளையும் ஒரே மதிப்பெண்ணால் அளக்கக் கூடாது.

பதில் 2 (தாவர நோயியல் ஆய்வாளர்)

இரண்டாவது ஐயத்துக்கு ஆஸ்திரேலியா–நியூசிலாந்து ஆப்பிள் வழக்கைப் படிக்காமல் விடாதீர்கள். நியூசிலாந்தில் 1919-இல் ஆப்பிள் மரங்களைத் தாக்கும் தீக்கருகல் என்ற பாக்டீரியா நோய் கண்டறியப்பட்டதும், 1921-இல் ஆஸ்திரேலியா அந்நாட்டு ஆப்பிளைத் தடை செய்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் 2006-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் கடும் நிபந்தனைகளோடு இறக்குமதிக்கு வழிவிட்டது. நியூசிலாந்து அந்த நிபந்தனைகளை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பிடம் சென்றது. 2010-இல் நடுவர் குழுவும், பிறகு மேல்முறையீட்டு அமைப்பும், அந்த மதிப்பீட்டுக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தன.

நீங்கள் கேட்ட இடத்திலேயேதான் அந்த மதிப்பீடு இடறியது. ஏறத்தாழ நிகழவே நிகழாத நிகழ்வுக்குச் சுழியிலிருந்து பத்து லட்சத்தில் ஒன்று வரையான வீச்சைக் கொடுத்து, அதற்குள் எல்லா மதிப்புக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டார்கள். அதன் நடுமதிப்பு இருபது லட்சத்தில் ஒன்று. பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் பத்துக் கோடிப் பழம் இறங்குகிறது என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: நிகழாது என்று நாமே சொன்ன ஒன்று 50 தடவை நிகழும் என்று கணக்குக் காட்டும். தரவு இல்லாத இடத்தில் எண்ணை இடுவது அறியாமையைத் துல்லியம்போல் காட்டிவிடும். அங்கே சொல்லால் மதிப்பிட்டு, எந்த ஆதாரத்தால் அப்படிச் சொல்கிறீர்கள், எவ்வளவு உறுதியோடு சொல்கிறீர்கள் என்று எழுதுவதே நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து.

அதே வழக்கில் வந்த ஆப்பிள் இலைச்சுருள் ஈயையும் பாருங்கள். நம் நெல்லில் வரும் ஆனைக்கொம்பன் ஈயின் குடும்பம் அது. அதன் கூட்டுப்புழு சில வேளைகளில் பழத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் அந்தக் கூட்டுக்குள் உயிர் இருக்க வேண்டும், ஒட்டுண்ணி தாக்கியிருக்கக் கூடாது, வெளிவரும் ஈ தன் குறுகிய ஆயுளுக்குள் இணையையும் ஆப்பிள் கொழுந்தையும் கண்டடைய வேண்டும். ‘பழத்தில் கூடு இருந்தது’ என்பதோடு நின்றால் நீங்கள் முதல் படியை மட்டுமே மதிப்பிட்டிருப்பீர்கள்.

பதில் 3 (பழ ஏற்றுமதி நிலைய மேற்பார்வையாளர்)

மேலே இருவரும் சொன்னதோடு, அபாய மேலாண்மைப் பகுதிக்காக ஒன்று சேர்க்கிறேன். நடவடிக்கையைப் பூச்சியின் வாழ்க்கை முறையை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாங்கொட்டைக் கூன்வண்டு இளங்காயின் தோலில் முட்டையிடும்; புழு கொட்டைக்குள் போய்விட, வந்த வழியும் ஆறிவிடும். பழத்தை அறுக்காமல் எந்தப் பரிசோதகராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இந்திய மாம்பழத்தை 2007-இல் அமெரிக்கா ஏற்றபோது, பரிசோதனையை மட்டும் நம்பாமல் குறைந்தது 400 கிரே (உட்கொள்ளும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சைக் கட்டாயமாக்கியது. அந்த அளவு புழுவை உடனே கொல்ல வேண்டும் என்பதில்லை. அது வளர்ந்து இனம்பெருக்க முடியாமல் செய்தால் போதும். எனவே துறைமுகத்தில் கொட்டையைப் பிளந்து பார்க்கையில் புழு உயிரோடு நெளிந்தாலும் சிகிச்சை தோற்றதாகப் பொருளில்லை. புகையூட்டுவது பூச்சியைக் கொல்வதற்காக; எனவே புகையூட்டிய சரக்கில் உயிருள்ள புழு தென்பட்டால் நிலைமை வேறு. உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் எதிரே, அது பூச்சியின் வழியை எந்தப் படியில் அறுக்கிறது, எதைக் கண்டால் சரக்கை மறுக்கலாம் என்ற இரண்டையும் எழுதிவிடுங்கள். இது விடுபட்டால், பெட்டியைத் திறக்கும் அலுவலர் எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் நிற்பார்.