மறு: 'பிராக்டிஸ் எஃபெக்ட்' – பயிற்சி விளைவா, வினாப்பழக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம். 'பிராக்டிஸ் எஃபெக்ட்' என்ற உளவியல் சொல்லுக்குத் தமிழில் எதை வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், அதில் ஒருவர் எழுதியது இது:

> 'பயிற்சி விளைவு' என்றே போட்டுவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும் என்பதுதான் என் கவலை. பயிற்சி என்ற ஒரு சொல் ஏற்கெனவே ட்ரெயினிங், கோச்சிங், பிராக்டிஸ், எக்சர்சைஸ் நான்கையும் சுமந்துகொண்டிருக்கிறது. 'பயிற்சித் தேர்வு' என்று எழுதிப் பாருங்கள், வேலையில் சேர்ந்த பிறகு பயிற்சி முடிந்து வைக்கிற தேர்வா, வேலைக்கு முன்னால் வீட்டில் போட்டுப் பார்க்கிற மாதிரித் தாளா என்று தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், 'பயிற்சி விளைவு' என்றால் ஆளின் திறமையே வளர்ந்துவிட்டது போலத் தொனிக்கிறது. உளவியலில் 'பிராக்டிஸ் எஃபெக்ட்' என்று பெரும்பாலும் சுட்டுவது அது அல்ல. திறன் இருந்தபடியே இருக்க, அந்த வகைக் கேள்வி முன்பே கண்ணில் பட்டிருப்பதால் மதிப்பெண் ஏறுகிறதே, அதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

நான் மூன்று வருடமாக எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறு காலைகளில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்களோடு உட்காருகிறேன். அதில் 200 கேள்விகளில் 25 'திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும்' பகுதியில் வரும். போன ஆடியில் ஒரு பெண் வந்தாள், தீப்பெட்டி ஆலையில் கூலிக் கணக்கு எழுதுகிறவள். 2, 6, 12, 20, 30 என்று எழுதிக் கொடுத்து அடுத்த எண் என்ன என்று கேட்டேன். பேனாவை மூடுவதும் திறப்பதுமாக ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, "அண்ணா, இதுல என்ன கேக்குறாங்க?" என்றாள். ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கீழே எழுதச் சொன்னேன். சின்னச் சின்ன வளைவு போட்டு 4, 6, 8, 10 என்று எழுதினாள், எழுதின கையோடு 42 என்றாள். அடுத்த வாரம் அதே மாதிரி பத்து வரிசை கொடுத்ததில் ஒன்பது சரி. ஏழு நாளில் அவளுக்குப் புத்தி கூடிவிட்டதா? நூறு பேர் கூலியை மனதிலேயே கூட்டுகிறவளுக்கு அந்தத் திறன் முதல் நாளே இருந்தது. இல்லாமல் இருந்தது அந்தக் கேள்வியோடு பழக்கம்.

அதனால்தான் பழக்கம் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம் என்கிறேன். கைப்பழக்கம், நாப்பழக்கம் என்று நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, அந்த அச்சிலேயே வினாப்பழக்கம் என்று வார்க்கலாம். அதனால் கூடுகிற மதிப்பெண் வினாப்பழக்க ஏற்றம். நேற்று ஒருவர் சொன்ன 'மீள்தேர்வு ஏற்றம்' நல்ல சொல், அதை விடவேண்டாம், அதே தேர்வை இரண்டாம் முறை எழுதுவதால் வருகிற ஏற்றத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். தாளும் அதே தாளாக இருந்தால் ஏற்றம் இன்னும் அதிகம் என்பதால் அதற்குத் தனிச்சொல் தேவையும்கூட.

இந்தக் கவலை புதிதல்ல. முதல் உலகப்போரில் 1917 வாக்கில் அமெரிக்கப் படையில் சேர்ந்தவர்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு நுண்ணறிவுத் தேர்வு உருவாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் பீட்டா. அதில் என்ன செய்யவேண்டும் என்பதைக் கரும்பலகையில் ஒருவர் சைகையால் செய்து காட்டுவார். கேள்வியின் வடிவம் தெரியாதவனிடம் திறனை அளக்க முடியாது என்பது அவர்களுக்கும் உறைத்திருக்கிறது.

ஆப்டிட்யூடுக்கு, அதாவது ஒன்றைக் கற்றுச் செய்யக்கூடிய இயல்பான திறனுக்கு, தமிழில் எது என்று இன்னொரு பேச்சு ஓடுகிறதே, அதில் என் எண்ணம் சுருக்கமாக. பி.எட். நூல்களில் நாட்டம், இலங்கையில் உளச்சார்பு, தேர்வாணையத்தில் திறனறிவு. நாட்டம் என்றால் ஆசை, விருப்பம் என்றுதான் பேச்சில் பொருள், அது வேறு. உளச்சார்பு எனக்குப் பிடித்த சொல், ஆனால் இங்கே யாருக்கும் பழக்கமில்லை. லட்சக்கணக்கானவர்கள் விண்ணப்பத்தில் படிக்கிற திறனறிவே இருக்கட்டும். ஐக்யூவுக்கு நுண்ணறிவு ஈவு நிலைத்துவிட்டது, தொடவேண்டாம்.

வேலைக்கு எடுக்கும்போது ஆளின் குணத்தை அறியக் கொடுக்கிற தாளுக்கு 'ஆளுமைத் தேர்வு' என்ற பெயர்தான் என்னை உறுத்துகிறது. ஒன்று, யுபிஎஸ்சி தன் குடிமைப் பணித் தேர்வின் 275 மதிப்பெண் நேர்காணலை 'பர்சனாலிட்டி டெஸ்ட்' என்றே சொல்கிறது, அதைத் தமிழில் ஆளுமைத் தேர்வு என்று எழுதிப் பழகிவிட்டோம். இன்னொன்று, தேர்வு என்றாலே நமக்குச் சரியான விடை ஒன்று இருந்தாகவேண்டும். பையன்கள் 'நான் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை' என்ற வரிக்கு 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று போட்டுவிட்டு வருகிறார்கள், நல்ல பிள்ளை விடை அதுதான் என்று நினைத்து. பூசி மெழுகுகிறவரைக் கண்டுபிடிக்கவே வைத்த வரி அது. இத்தகைய வரிகளுக்கு உரைகல் வினா என்று பெயர் வைக்கலாமா? முழுத் தாளையும் ஆளுமை வினாநிரல், அதாவது கேள்விகளின் வரிசை, என்றால், மனதில் உள்ளதை எழுதவேண்டியது என்றாவது தெரியும். இதற்கு 'மாதிரித் தேர்வு' என்று விற்பதையும் நாம் ஏற்கக்கூடாது. ஒருமுறை பார்த்துக்கொள்ள அறிமுகத் தாள் போதும்.

சொல் தப்பினால் ஆளே தப்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். என் தம்பி மகன் போன வருடம் ஒரு நிறுவனத்தில் தமிழில் வினாநிரல் நிரப்பினான், பெயர் வேண்டாம். 'அவுட்கோயிங்' என்பதை 'நான் அடிக்கடி வெளியே செல்பவன்' என்று பெயர்த்திருந்தார்கள். தெருவில் அத்தனை பேரோடும் கலகலவென்று பேசுகிற பையன், ஆனால் அம்மாவுக்கு முடியாததால் வேலை விட்டதும் நேராக வீட்டுக்கு வருகிறவன். உண்மையாகவே 'உடன்படவில்லை' என்று குறித்துவிட்டான். விற்பனை வேலை அது, கிடைக்கவில்லை. அந்த ஒரு வரியால்தான் போயிற்று என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த வரி அவனைப் பற்றிச் சொன்னது பொய். 'எளிதில் பழகுபவன்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

யாழ்ப்பாண நண்பர்கள் யாராவது உங்கள் பக்கத்துப் பரீட்சைத் தாள்களில் வினாப்பழக்கத்துக்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், விக்சனரியில் ஏற்றுமுன் பார்த்துவிடலாம். இந்த ஞாயிறு வகுப்பில் வினாப்பழக்கம் என்று எந்த விளக்கமும் இல்லாமல் சொல்லிப் பார்க்கப் போகிறேன், எத்தனை பேர் அர்த்தம் கேட்டார்கள் என்று திங்கட்கிழமை எழுதுகிறேன்.