சொந்த சாஃப்ட்வேரைக் கிளவுடுக்கு மாற்ற வேண்டும்: ஐஏஏஎஸ்ஸா, பிஏஏஎஸ்ஸா, எஸ்ஏஏஎஸ்ஸா?

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வேலைகளை நான்தான் பார்க்கிறேன், ஆபீஸில் இருக்கும் பழைய சர்வரைக் கிளவுடுக்கு மாற்றச் சொல்லிவிட்டார் முதலாளி. அதில் ஓடுவது பிஎச்பி, மைஎஸ்க்யூஎல்லில் எழுதிய எங்கள் ஜாப் ஒர்க் (துணியை வெளியே வேலைக்குக் கொடுத்து வாங்கும் கணக்கு) சாஃப்ட்வேர்.

சோஹோ மாதிரி எஸ்ஏஏஎஸ், அதாவது ரெடிமேட் சாஃப்ட்வேரை ஆன்லைனில் சந்தாவுக்கு எடுத்தால் பராமரிப்புத் தலைவலி இல்லை, சரி. ஆனால் சாயத்துக்குப் போன துணி எடை குறைந்துதான் திரும்பும், அந்த பிராசஸ் லாஸை டிசி (டெலிவரி சலான்) வாரியாக, கலர் வாரியாகக் கழிக்கிற எங்கள் கணக்கு அதில் அப்படியே உட்காருமா என்று சந்தேகம். ஐஏஏஎஸ், அதாவது வெறும் சர்வரை மட்டும் வாடகைக்கு எடுப்பது என்றால், அமேசானின் ஏடபிள்யூஎஸ் மும்பையில் ஈசி2 சர்வர் எடுத்தால் இருப்பதை அப்படியே ஏற்றிவிடலாம், ஆனால் லினக்ஸ் அப்டேட், ஃபயர்வால், பேக்கப் எல்லாம் என் தலையில், நான் லீவு போட்டால் பார்க்க ஆள் இல்லை.

மனசு பிஏஏஎஸ் பக்கம்தான் சாய்கிறது, அதில் நம் கோடிங்கை ஏற்றினால் போதும், சர்வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கூகுளின் பிஏஏஎஸ்ஸான ஆப் எஞ்சின் ஸ்டாண்டர்டில் தற்காலிக ஃபோல்டரைத் தவிர வேறெங்கும் ஃபைல் எழுத முடியாது, நாங்களோ டிசி ஸ்கேன்களை சர்வர் ஃபோல்டரிலேயே சேமிக்கிறோம், அந்தக் கோடிங்கை மாற்ற வேண்டும்.

இப்படி மாறியவர்கள் சொல்லுங்கள்: கோடிங் வேலை எவ்வளவு இழுத்தது, மாத பில் கட்டுக்குள் இருந்ததா? அப்புறம், இப்போதைக்கு ஈசி2வில் ஏற்றி, டேட்டாபேஸை மட்டும் ஆர்டிஎஸ்ஸில் (ஏடபிள்யூஎஸ்ஸே பராமரிக்கும் டேட்டாபேஸ் சேவை) வைப்பது சரிவருமா?