ஊதா கோஸை வேகவைத்தால் சத்து தண்ணீரோடு போய்விடுமா?

கொடிவீடு:
அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அடர்நிறக் காய், பழங்களில் உள்ள ஆந்தோசயனின் என்ற சாயம் இதயத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து பீட்ரூட், ஊதா முட்டைகோஸ், கத்தரிக்காய், கருப்பு திராட்சை தவிர வேறெதையும் தொடுவதில்லை. கோஸை வேகவைத்தால் தண்ணீர் நீலமாகிவிடுகிறது. சத்து அதோடு போய்விட்டதா? பீட்ரூட்டில் இருப்பதும் அதே சாயம்தானா? இதையே கேப்ஸ்யூலாகவும் விற்கிறார்கள், வாங்கித் தரலாமா? மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமே என்று அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். என் கவலையே அதுதான்.

நிறமாலை:
கல்லூரியில் உணவு வேதியியல் நடத்துகிறேன், மாணவர்களுக்கு முதல் செய்முறையாக ஊதா கோஸைத்தான் கொடுப்பேன். ஆந்தோசயனின் தண்ணீரில் கரையும். செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில்தான் அது இருக்கிறது, வெந்து செல் உடைந்ததும் வெளியே வந்துவிடும். ஆகவே ஒரு பகுதி தண்ணீரில் போவது உண்மை. ஆனால் நீலமாக மாறுவது வேறு விஷயம். அமிலத்தில் சிவப்பு, நடுநிலையில் ஊதா, காரம் ஏற ஏற நீலம், பச்சை என்று இந்தச் சாயம் நிறம் மாறிக்கொண்டே போகும். உங்கள் தண்ணீரில் கொஞ்சம் காரத்தன்மை இருக்கலாம், அவ்வளவுதான். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுப் பாருங்கள், இளஞ்சிவப்பாகிவிடும். அமிலத்தில் சாயம் சிதையாமலும் நிற்கும். நிறையத் தண்ணீரில் கொதிக்கவிடாமல் ஆவியில் வேகவைத்தால் இழப்பு குறையும். வெந்த தண்ணீரை சூப்பில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. கத்தரிக்காயில் இது தோலில் மட்டும்தான், உரித்துவிட்டால் ஒன்றுமில்லை. திராட்சையிலும் பெரும்பாலும் தோல்தான்.

பீட்ரூட் வேறு குடும்பம். அதன் சாயம் பீட்டாலைன், அதில் நைட்ரஜன் உண்டு, ஆந்தோசயனினில் கிடையாது. இயற்கையில் இந்த இரண்டையும் ஒரே செடி உண்டாக்குவதில்லை. பீட்ரூட் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குகிறது என்றால் அதற்கு முக்கியக் காரணம் அதிலுள்ள நைட்ரேட். வாயிலிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்க, உடலில் அது நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு வாயைக் கொப்பளித்தால் இந்தப் பலன் குறைந்துவிடும்!

கேப்ஸ்யூல் வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் 93,000-க்கும் மேற்பட்ட பெண் செவிலியர்களை 18 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஆந்தோசயனின் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் சுமார் 32 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் சாப்பிட்டது ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி மாதிரி முழுப் பழங்கள். அதோடு இது கவனித்து எழுதிய ஆய்வு. பழம் நிறையச் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்களாக இருப்பார்கள், கணக்கில் எவ்வளவு சரிசெய்தாலும் அது முழுதாகப் போகாது. சாயம் அப்படியே ரத்தத்தில் சேர்வதும் மிகக் குறைவு. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவால் சிறு அமிலங்களாக உடைகிறது, வேலை செய்பவை அவையாகவே இருக்கலாம். டப்பாவில் போடும் 'ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண்' பற்றியும் ஒரு வார்த்தை: சோதனைக் குழாயில் எடுத்த அந்த எண்கள் உடலில் என்ன நடக்கும் என்பதைக் காட்டவில்லை என்று அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் தன் பட்டியலை நீக்கிவிட்டது.

தட்டும்கரண்டியும்:
நான் உணவு ஆலோசகர். மாத்திரை விஷயத்தில் அப்பாவிடம் கண்டிப்பாகவே பேசுங்கள். எந்தப் பழமும் அதற்கு மாற்று இல்லை, அளவைக் குறைப்பது மருத்துவர் மட்டுமே எடுக்கவேண்டிய முடிவு. திராட்சையைச் சாறாகப் பிழிந்து கொடுக்காதீர்கள். நார் போய்ச் சர்க்கரைதான் மிஞ்சும், வடிகட்டினால் தோலோடு சாயமும் குறையும். சிறுநீரகக் கல் வந்தவராக இருந்தால் பீட்ரூட்டை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஆக்ஸலேட் அதிகம். பீட்ரூட் சாப்பிட்ட பிறகு சிலருக்குச் சிறுநீர் சிவக்கும், அதற்காகப் பதற வேண்டாம்.

கொடிவீடு:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. மவுத்வாஷ் சங்கதி அப்பாவுக்குப் புதுசு, வியந்துபோனார். மாத்திரையைப் பற்றி அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடமே கேட்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். இன்னொன்று: ஊதா பீன்ஸ் கொதித்ததும் ஏன் பச்சையாகிவிடுகிறது? அப்போது சாயம் எங்கே போகிறது?

நிறமாலை:
பச்சையம் முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறது, மேலிருந்த ஊதா அதை மறைத்திருந்தது. கொதிக்கும்போது ஆந்தோசயனின் நீர்த்துப்போய்த் தண்ணீருக்கு வந்துவிடும், கொஞ்சம் வெப்பத்தில் சிதையும். பச்சையம் தண்ணீரில் கரையாது, அதனால் நின்றுவிடுகிறது. ஊதாவே வேண்டுமென்றால் பிஞ்சாகப் பறித்து வேகவைக்காமல் ஒன்றிரண்டு மட்டும் சாலட்டில் நறுக்கிப் போடலாம். பீன்ஸைப் பச்சையாக நிறையத் தின்றால் வயிற்றைக் கெடுக்கும், அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் கொதித்தால்தான் அடங்கும். அப்பாவுக்கு வேகவைத்தே கொடுங்கள்.