அச்சு அசலாக இருக்கும் ஏஐ படங்கள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மலையடிவாரம்:

எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். சிறுத்தை இறங்குவது இங்கே புதிதல்ல. அதனால்தான், ரேஷன் கடைக்குப் பின்பக்க மதில்மேல் சிறுத்தை படுத்திருக்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்ததும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. மதில் எங்கள் ஊர் மதில், முருங்கை மரம் எங்கள் ஊர் மரம். டியூஷன் போன பிள்ளைகளைக் கூட்டிவர ஆட்கள் கம்போடு கிளம்பினார்கள். விடியற்காலையில் பால் கறக்கத் தொழுவத்துக்குப் போகவே பயம்.

வனத்துறையிலிருந்து வந்த மூத்த காவலர் படத்தை அதிகம் ஆராயவில்லை. "இத எடுத்த போன் யார்கிட்ட இருக்கு?" என்றுதான் கேட்டார். எல்லோருக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள்; எடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. பிறகு மதிலைப் போய்ப் பார்த்தார். அதன் உச்சியில் நெருக்கமாகக் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது. படத்தில் சில்லே இல்லை. சில்லு பதிப்பதற்கு முன் எடுத்த பழைய படத்தில் ஏஐ மூலம் சிறுத்தையை ஏற்றியிருக்கிறார்கள்.

என் ஆத்திரம் வேறொன்றின் மேல். எங்கள் ஊரில் கட்ட எடுத்துவந்த கேமராக்கள், நிஜமாகவே ஆடு அடிபட்ட பக்கத்து ஊருக்காக வைத்திருந்தவை. யாரோ ஒருவரின் விளையாட்டுக்காக அந்த ஊர் ஓர் இரவு கண்காணிப்பு இல்லாமல் கிடந்தது.

செய்தி மேசை:

அந்தக் காவலர் கேட்டதுதான் சரியான கேள்வி. ஏஐ படமா என்று கண்டுபிடிக்க விரலை எண்ணிப் பார், காதைப் பார் என்று 2023இல் செய்தியாளர்களான நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்றைய படங்களில் விரல்கள் சரியாகவே இருக்கின்றன.

2023 மே 22 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே குண்டு வெடித்ததாக ஒரு படம் பரவி, அங்கே பங்குச் சந்தை சில நிமிடம் சறுக்கியது. உற்றுப் பார்த்தவர்கள் வேலிக் கம்பிகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதைவிடப் பெரிய தடயம், அவ்வளவு பரபரப்பான இடத்தில் வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு படம்கூட வரவில்லை என்பதுதான்.

அதே மாதம் 28ஆம் தேதி டெல்லியில் போராட்டத்தின்போது பிடித்துச் செல்லப்பட்ட மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகட், சங்கீதா போகட் போலீஸ் வண்டியில் இருந்த செல்ஃபியில், முகம் மாற்றும் செயலியால் சிரிப்பை ஒட்டிப் பரப்பினார்கள். முழுப் பொய்ப்படம் தேவைப்படவில்லை. உதட்டை லேசாக வளைத்ததே ஒரு போராட்டத்தைக் கேலிக்கூத்தாக்கப் போதுமாக இருந்தது.

கூகுள் தன் ஏஐ படங்களில் சிந்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத முத்திரை வைக்கிறது. முத்திரை இருந்தால் ஏஐ என்று சொல்லலாம். இல்லாவிட்டால் நிஜப்படம் என்று சொல்லிவிட முடியாது. வேறு கருவியில் செய்திருக்கலாம். இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

ஸ்டூடியோக்காரர்:

நான் சொல்லப்போவது ஏமாற்று வேலை பற்றி அல்ல. நல்ல எண்ணத்தோடு செய்வதிலும் உள்ள ஆபத்து.

இறந்தவர்கள் படத்தைப் பெரிதாக்கி மாலை போட ஃபிரேம் செய்து தருவது எங்கள் கடையின் அன்றாட வேலை. அப்பா காலத்தில் நெகட்டிவ் மேல் பென்சிலால் டச்சப் செய்வார். இப்போது மென்பொருள். ஓர் அம்மா கோயில் திருவிழா குரூப் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்றாவது வரிசையில் மிளகளவு முகம். அவருடைய தாயாருக்கு இருக்கும் ஒரே படம் அதுதான். ஏஐயில் ஏற்றினோம். கண்ணில் ஒளி, தோலில் சுருக்கம், நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவ்வளவு தெளிவு. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது எங்கம்மா இல்லியே. அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி."

மங்கலான படத்துக்குள் ஒளிந்திருக்கும் முகத்தை அந்த மென்பொருள் தேடி எடுப்பதில்லை. இல்லாத விவரத்தை, தான் கற்ற லட்சக்கணக்கான முகங்களிலிருந்து இட்டு நிரப்புகிறது. 2020இல் பல்ஸ் என்ற கருவியில் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது வெள்ளைக்காரர் முகம் வந்தது. திருடனைப் பிடிக்கிறேன் என்று சிசிடிவி படத்தை ஏஐயில் தெளிவாக்கி, இவன்தான் என்று பரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. அந்த முகம் யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

அந்த அம்மாவுக்குக் கறையை மட்டும் கையால் நீக்கி, கொஞ்சம் மங்கலாகவே பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். இப்போது எங்கள் கடையில் ஏஐ தொட்ட படம் எதுவானாலும் ஃபிரேமின் பின்பக்கம் எழுதிவிடுகிறோம். காலமான அப்பாவைக் கல்யாணப் படத்தில் நிற்க வைக்கச் சொல்லி வருவார்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் சம்மதம் என்றால் செய்கிறேன், அதில் ஒரு தப்பும் இல்லை. ஒருவர் மட்டும், பெரியவர் ஒருவரின் பழைய படத்தில் தன் அப்பாவைச் சிறுவனாகச் சேர்த்துத் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, "சொத்து கேஸுக்கு" என்றார். வாசலைக் காட்டினேன். இன்ஸ்டாவிலிருந்து ஒரு பெண்ணின் படத்தை எடுத்து வந்து, தன் பக்கத்தில் நிற்கிற மாதிரி கேட்ட பையனையும் அப்படித்தான் அனுப்பினேன்.

சித்தி:

அந்தப் பையனை அனுப்பியதற்கு நன்றி அண்ணா. எங்கள் வீட்டில் அது நடந்துவிட்டது.

அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். 2025 செப்டம்பரில் எல்லோரும் சேலை கட்டின மாதிரி ஏஐ படம் செய்து போட்டார்களே, அவளும் போட்டாள். யாரோ அவள் முகத்தை எடுத்து அசிங்கமான படம் செய்து, பணம் கேட்டு அவளுக்கே அனுப்பினான். அத்தான் சொன்ன முதல் வார்த்தை, "போனப் புடுங்கு, காலேஜ நிறுத்து." அன்று நான் அவரிடம் சத்தம் போட்டேன். குற்றம் செய்தவன் எங்கேயோ இருக்கிறான், தண்டனை இவளுக்கா? 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டிப் பரப்பியபோது, பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும்போது இது நடந்திருந்தால் எப்படிச் சமாளித்திருப்பேனோ என்று அவரே எழுதினார். அவ்வளவு பெரிய நடிகைக்கே அப்படி என்றால், விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருந்த இவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பணம் கொடுக்கவில்லை. ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பான். அந்தக் கணக்கை பிளாக் செய்வதற்கு முன் மிரட்டல், கணக்கின் லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டோம். அரசின் சைபர் க்ரைம் தளத்தில் புகார் பதிந்து, மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கும் நேரில் போனோம். ஸ்டாப் என்சிஐஐ என்று ஓர் இலவசத் தளம் இருக்கிறது, 18 வயது நிறைந்தவர்களுக்கு. படத்தை எங்கும் ஏற்ற வேண்டாம். அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணை நம் போனிலேயே உருவாக்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பித் தடுக்கச் சொல்கிறது. ஏஐயில் செய்த படத்துக்கும் பொருந்தும். கணக்கு முடங்கியது. ஆள் இன்னும் சிக்கவில்லை. அவள் கல்லூரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

மலையடிவாரம்:

அக்கா, பதினெட்டு ஆகாத பிள்ளைகள் என்றால்?

சித்தி:

அதற்கு டேக் இட் டவுன் என்று தனித் தளம் இருக்கிறது தம்பி, இதே முறைதான். சைல்டுலைன் 1098க்கும் கூப்பிடலாம். நிலையத்துக்குப் போகும்போது பிள்ளையோடு ஒரு பெண் கூடப் போங்கள். ஆதாரம் என்று அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் யாருக்கும் அனுப்ப வேண்டாம். சிறுவர் படம் என்றால் அதைப் பகிர்வதே ஐடி சட்டம் 67பி பிரிவில் குற்றம். லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு போலீஸிடம் மட்டும் காட்டுங்கள்.