மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) இரும்பைப் பிரிக்க வழி சொல்லுங்க
வணக்கம் நண்பர்களே. கோவையில் சின்னப் பட்டறை. மோட்டார் வைண்டிங் செம்புக் கம்பியிலிருந்து மயில்துத்தம் எடுக்கிறோம். போன மாதத்திலிருந்து படிகம் நல்ல நீலமாக வராமல் பச்சையடிக்கிறது. போர்டோ கலவைக்கு (துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) வாங்கும் விவசாயிகளுக்கு இந்தச் சரக்கைக் கொடுக்க மனசு வரவில்லை.

முறை: 20% கந்தக அமிலம், 70 டிகிரி சூடு, அடியிலிருந்து காற்று. காற்று ஊதாவிட்டால் நீர்த்த அமிலத்தில் செம்பு கரையாது.

கரைசலில் அம்மோனியாவை அதிகமாக விட்டால் செம்பு கருநீலமாகக் கரைந்துவிடுகிறது, அடியில் பழுப்பு வண்டல் நிற்கிறது. ஆக, இரும்புதான்.

கரைத்து மறுபடி படிகமாக்கிப் பார்த்தோம். இரும்பு சல்பேட்டும் அதே படிகத்துக்குள் உட்கார்ந்துகொள்வதால் முழுசாகப் போகவில்லை. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, காப்பர் கார்பனேட்டால் பிஎச்சை 3.5-க்கு மேல் ஏற்றினோம். இரும்பு வண்டலாக இறங்குகிறது. ஆனால் கூழாக இறங்கி வடிதுணியை அடைக்கிறது. சொட்டுச் சொட்டாக வடிவதற்குள் சூடு ஆறி, துணியிலேயே துத்தம் உறைகிறது. பிஎச் 5-ஐ நெருங்கவிட்டால் செம்பும் சேர்ந்து இறங்கிவிடும்.

இந்த வண்டல் சூட்டிலேயே திரண்டு, சட்டென்று வடிய என்ன செய்யலாம்?