ஊடுருவலா, புகுதலா? கட்டிக்குள் காணும் நிணவணுவுக்கு ஒரு பெயர்

அன்புடையீர்,

நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களுள் ஒருவகையான நிணவணுக்கள் (lymphocytes) இரைப்பைப் புற்றுக்கட்டிக்குள் காணப்படும்போது அவற்றைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் கலைச்சொல் உரையாடலில், ‘கட்டி ஊடுருவும் நிணவணு’ (tumour-infiltrating lymphocyte) என்ற பெயரைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுள்ளீர்கள். என்னால் ஏற்க இயலவில்லை.

சிங்கப்பூரின் தோ பாயோவில் வசிக்கும் என் அத்தையின் திசு ஆய்வறிக்கையை அவருக்குத் தமிழில் விளக்கியபோது நானும் அந்தச் சொல்லையே ஆண்டேன். நிணவணுக்கள் அடர்த்தியாக ஊடுருவியுள்ளன என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. “அப்ப உள்ளே எல்லாம் பரவிடுச்சாப்பா?” என்று கேட்டார். ஆறுதலாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரியை நான் அச்சமூட்டும் வரியாக்கிவிட்டேன்.

அத்தை பிழையாகப் புரிந்துகொள்ளவில்லை. இரைப்பையில் உண்மையாகவே ஊடுருவுவது புற்றணுதான். இரைப்பைப் புற்றுநோய்க்கு நோயியலாளர் லாரன் 1965-இல் வகுத்த இரு பெரும் வகைகளுள் ஒன்றான பரவல் வகையில், புற்றணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவிச் செல்ல, சுவரே தடித்து இறுகிப்போவதுண்டு. புற்றணு சுவருக்குள் செல்வதையும் நிணவணு கட்டிக்குள் செல்வதையும் ஒரே அறிக்கையில் ஒரே வினையால் சொன்னால், நோயையும் நோயை எதிர்க்க வந்ததையும் படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆள்கிறது என்பதற்காகத் தமிழும் அப்படியே ஆள வேண்டியதில்லை.

ஆகவே ஊடுருவலைப் புற்றணுவுக்கு விட்டுவிட்டு, நிணவணுவுக்குப் ‘புகு’ என்பதை வைத்துக்கொள்ளலாம். புதுமனை புகுவிழா அழைப்பிதழ் வராத வீடு நம்மிடையே இல்லை என்பதால் அவ்வினைத்தொகை எவருக்கும் புதிதன்று. ‘கட்டிபுகு’ என்று எழுதினால் ‘கட்டி’ என்பது ‘கட்டிவிட்டு’ என்னும் பொருளில் வினையெச்சமாகத் தோன்றக்கூடும். ‘கட்டியுட்புகு நிணவணு’ என்றால் அக்குழப்பம் நீங்குகிறது. ‘உள்’ என்பது ஓசைக்காகச் சேர்த்ததுமன்று. சில கட்டிகளில் இவ்வணுக்கள் விளிம்போடு நின்றுவிடுகின்றன, சிலவற்றில் உள்ளே நிறைந்திருக்கின்றன என்பதால் மருத்துவர்கள் அவ்வேறுபாட்டையும் கவனிக்கிறார்கள். விளிம்பில் நிற்பவற்றைக் ‘கட்டிவிளிம்பு நிணவணு’ எனலாம்.

இவற்றுக்கு முன்வைக்கப்பட்ட ‘காவலணு’ என்ற மற்றொரு பெயர் செவிக்கு இனியது. ஆனால் அது மெய்யைவிட மிகுதியாகச் சொல்லிவிடுகிறது. நிணவணுக்களுள் ஒருவகையான டி அணுக்களில், புற்றணுவைக் கொல்லும் டி அணுக்கள் கட்டிக்குள் செறிந்திருக்கும் நோயாளிகள், ஒரு குழுவாகப் பார்க்கும்போது, கூடுதல் காலம் வாழ்வதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 2014-இல் அமெரிக்கப் புற்றுநோய் மரபுத்தொகுதித் திட்டம் ஆராய்ந்த 295 இரைப்பைக் கட்டிகளில் ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்த எப்ஸ்டீன்-பார் என்னும் நச்சுயிர் (வைரஸ்) தொற்றிய வகையிலும் நிணவணுக்கள் மிகுந்திருப்பது வழக்கம். அவ்வகை நோயாளிகளின் நிலையும் பொதுவாக மேலாகவே இருக்கிறது. எனினும், உட்புகுந்தவற்றுள் பிற டி அணுக்களை அடக்கிவைத்துக் கட்டிக்கே துணைபோகும் ஒழுங்காற்று டி அணுக்களும் உண்டு. அவற்றையும் காவலர் என்று அழைப்பது பொருந்தாது. ‘புகு’ என்பதோ அணு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி, அது செய்யும் வேலையை அடுத்த சொல்லுக்கு விடுகிறது. ‘கட்டியுட்புகு கொல் டி அணு’, ‘கட்டியுட்புகு ஒழுங்காற்று டி அணு’ என்று தொடர்ந்து எழுத இடமும் இருக்கிறது.

‘நிணவணு’வா ‘நிணநீர்க்கலம்’ஆ என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘ஊடுருவு’ மட்டும் வேண்டாம்.