மெத்தனோல் மேசர் பிடிபடவில்லை: எல்என்பியின் அதிர்வெண் நகர்வை எப்படி நிறுத்துவது?

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில், வீட்டு மொட்டை மாடியில் வைத்த 1.8 மீற்றர் டிஷ்ஷால் டபிள்யூ3(ஓஎச்) பகுதியின் மெத்தனோல் மேசரை (அங்குள்ள மெத்தனோல் வாயு இயல்பாகவே பெருக்கி அனுப்பும் வானொலி அலை) மூன்று வாரமாகத் தேடுகிறேன். விண்மீன்கள் பிறக்கும் இடம் அது. இங்கிருந்து 37 பாகைக்கு மேல் ஏறாது. 12.178 கிகாஹேர்ட்ஸில் இதுவரை ஒரு கோடும் தெரியவில்லை.

டிஷ்ஷின் முகப்பில் சைகையை வாங்கி அதிர்வெண்ணைக் குறைக்கும் எல்என்பி, சாதாரண பிஎல்எல் (படிகத்தோடு அதிர்வெண்ணைப் பூட்டும்) வகை; அது கழிக்கும் ஊசலி அதிர்வெண் 10.6 கிகாஹேர்ட்ஸ். கணினியில் செருகும் வானொலி வாங்கியான ஆர்டிஎல்-எஸ்டிஆரை, மிச்சம் வரும் 1578.6 மெகாஹேர்ட்ஸில் வைத்திருக்கிறேன். சூரியனுக்குத் திருப்பினால் இரைச்சல் நன்றாக ஏறுகிறது, ஆக டிஷ்ஷும் கேபிளும் சரி. டொப்ளர் திருத்தம் (பூமியின் அசைவால் வரும் அதிர்வெண் மாற்றத்தை நீக்குவது) செய்து மணிக்கணக்கில் சராசரியும் எடுத்தேன்.

சந்தேகம் எல்என்பி மீதுதான். செய்மதிச் சைகையோடு ஒப்பிட்டால், இரவு குளிரக் குளிர அதன் அதிர்வெண் மணிக்கு 60 கிலோஹேர்ட்ஸ் வரை நகர்கிறது. மேசர் வாயுவின் வேகம் நொடிக்கு 1 கிலோமீற்றர் மாறினால்கூட கோடு இங்கே 40 கிலோஹேர்ட்ஸ்தான் நகரும். மெல்லிய கோடு கரைந்துவிடும். நுரைப்பஞ்சு சுற்றியும் குறையவில்லை.

உள்ளே இருக்கும் 25 மெகாஹேர்ட்ஸ் படிகத்தைக் கழற்றி ஜிபிஎஸ் கடிகாரச் சைகை கொடுத்தவர்கள் இருந்தால், அந்தச் சைகையை எவ்வளவு வலிமையில் கொடுத்தீர்கள்?